சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் நான்கு ஹெச்ஓ அளவு மாடல் ரயில்களை ஒரே நேரத்தில் ஓட்ட 1 ஆம்ப் பவர் சப்ளை போதுமா?

போதாது. வோல்ட்டை விட்டுவிட்டு ஆம்பியரைக் கணக்குப் பாருங்கள். இன்றைய ஹெச்ஓ எஞ்சின் ஒன்று ஓடும்போது சுமார் அரை ஆம்ப் இழுக்கும் என்று வையுங்கள்; நான்குக்கு 2 ஆம்ப். விளக்கெரியும் பெட்டிகள், எஞ்சினில் ஒலி எழுப்பும் டிகோடர் சில்லுகள் தனி. ஆகவே 3 ஆம்ப் டிசிசி சிஸ்டம் (ஒரே தண்டவாளத்தில் ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) வாங்குங்கள்.

தண்டவாளத்தின் வோல்ட்டை மாற்றி வேகத்தை மாற்றும் பழைய டிசி முறை என்றால் ஒவ்வொரு வட்டப்பாதைக்கும் தனி கன்ட்ரோலர் வேண்டும். இரண்டு பவர் பேக்கை ஒரே தண்டவாளத்தில் சேர்த்துவிட்டால் சக்தி இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும்.

அதற்காக 8, 10 ஆம்ப் என்று போய்விடவும் வேண்டாம். சக்கரம் தடம் புரண்டு ஷார்ட் ஆனால் அவ்வளவு மின்சாரமும் அந்த ஒரு புள்ளியில் பாயும், பிளாஸ்டிக் உருகும். 50 காசு நாணயத்தை இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள்: சிஸ்டத்தின் பிரேக்கர் உடனே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பாதையின் கோடியிலும் இதைச் செய்து பாருங்கள். அங்கே விழவில்லையா? வயர் மெலிசு, தடிமனாக மாற்றுங்கள்.

ஜப்பானிலிருந்து வாங்கி வந்த 100 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். சேஃப்டி மார்க் என்ற மின் பாதுகாப்பு முத்திரை உள்ளதை இங்கேயே வாங்குவது மேல்.