காளையை மினுக்கும் மஞ்சள் பொடி

கேள்வி: ஐயா, மூன்று வயதுப் புலிக்குளம் காளை ஒன்றை ஜல்லிக்கட்டுக்காகத் தயார் செய்கிறேன். உடம்பு பளபளக்கும் என்று சந்தையில் ஒருவர் அரிதாரப் பொடி கொடுத்தார். தினமும் குன்றிமணி அளவு வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தேன். முதல் வாரம் நன்றாக மினுமினுத்தது. இப்போது சளியோடு கழிச்சல். அசை போடுவதும் குறைந்துவிட்டது. அளவைப் பாதியாக்கித் தொடரலாமா?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். இன்றே நிறுத்திவிட்டு, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள். மருத்துவரிடம் "அரிதாரம் கொடுத்தேன்" என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் சாதாரணக் கழிச்சலுக்குத்தான் மருந்து தருவார். அரிதாரத்தில் இருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சுக்கு டைமெர்கேப்ரால் என்ற முறிமருந்து இருக்கிறது. நாள் கடந்தால் அதனால் பெரிய பலன் இருக்காது. மிச்சப் பொடியைக் கொட்டிவிடாமல் மூடிய பாட்டிலில் போட்டு அவரிடமே கொடுங்கள்.

அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய மஞ்சள்தான் இது. வேடத்துக்கு 'அரிதாரம் பூசுவது' என்று இன்றும் சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்தது. சுத்தமான அரிதாரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அந்தத் தைரியத்தில்தான் மாட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் காற்றுபடச் சூடாக்கினால் இதுவே வெள்ளைப் பாஷாணம் என்ற கொடிய ஆர்சனிக் விஷமாக மாறிவிடும். அதற்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. உங்கள் பொடி பச்சையா, சுட்டதா, அதில் வேறென்ன கலந்தது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது. ஆர்சனிக் உப்புகளில் நன்றாகக் கரையக்கூடிய சோடியம் ஆர்சனைட், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்தே உயிரைப் பறிக்கலாம். 300 கிலோ காளைக்குக் கணக்குப் போட்டால் 300 மில்லிகிராம். மூன்று குன்றிமணி எடைகூட வராது.

முதல் வாரம் மினுமினுத்தது பொய்யில்லை. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மலைப்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் குதிரைகளுக்கு இப்படித்தான் பாஷாணம் கொடுத்து மினுக்கினார்கள். கொடுப்பதை நிறுத்தியதும் குதிரை துவண்டுபோகும். வாங்கியவர் தலையில் அடித்துக்கொள்வார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, காளை ஏன் முதலில் மங்கிப்போனது என்பதை. பல வருடமாக நான் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மங்கிய தோலுக்குக் காரணம் பெரும்பாலும் குடற்புழு, அல்லது தாது உப்புக் குறைவு. செம்புச்சத்து குறைந்தாலே முடி சொரசொரத்து நிறம் வெளுக்கும். ஒரு பிடி சாணத்தைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதியுங்கள். என்ன புழு என்று பார்த்த பிறகு மருந்து கொடுங்கள். உடம்பு தேறியதும் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தவிட்டில் போடுங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், சரி. பொறுக்க முடியாதவர்களை நம்பித்தான் சந்தைப் பொடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். பெயர், கலவை விவரம், தயாரித்த தேதி இல்லாத பொட்டலத்தைத் தொழுவத்துக்குள் விடவே விடாதீர்கள். சொந்த மாமன் கொடுத்தாலும் சரி.

அப்புறம், சாணம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மாடு வெளியேற்றும் ஆர்சனிக் சாணத்திலும் மூத்திரத்திலும் வரும். அது தனிமம், மக்கி அழியாது. மற்ற பயிரைவிட, தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் அது மண்ணைவிட்டு நீரில் இறங்கி வேருக்குள் எளிதாகப் போகும். மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் கலந்த ஆழ்துளைத் தண்ணீரால் நெல் விளைவித்தவர்களின் துயரமே இதுதான். அரிசியைவிட வைக்கோலில் அதிகம் தேங்கும், அந்த வைக்கோல் மறுபடி மாட்டுக்கே வரும். உங்களிடமிருந்து போவது கொஞ்சம்தான். இருந்தாலும் கழிச்சல் நிற்கும்வரை விழும் சாணத்தைக் குப்பைக்குழியில் போடாமல், கிணற்றுக்கும் வயலுக்கும் தள்ளித் தனிக்குழி வெட்டிப் புதையுங்கள். வெல்லம் உருட்டிய கிண்ணம் சமையலறையிலிருந்து வந்ததென்றால் அதையும் அதே குழியில் போட்டுவிடுங்கள்.