முன்பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. சிங்கப்பூரில், செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கிறோம். தோழி கூப்பிட்டாள் என்று நெசவாளர் சங்கம் ஒன்றின் மாதக் கூட்டத்துக்குப் போனேன். அவரவர் நெய்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள். என்னையும் சின்னத் தறியில் கொஞ்ச நேரம் நெய்யவிட்டார்கள். ஆசை வந்துவிட்டது. கிளம்பும்போது "ஏற்பாட்டாளர்" என்று ஒருவர் அறிமுகமானார். 12 வகுப்பு, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பெரிய மிதித்தறி, சர்வதேசச் சான்றிதழ், எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளியாம். "அக்கா, இந்த வாரத்துக்குள் 800 வெள்ளி முன்பணத்தை என் நம்பருக்குப் பேநவ் பண்ணினால்தான் இந்த விலை" என்கிறார். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சி உதவித் திட்டத்தில் பாதியைத் தானே வாங்கித் தருவாராம். கட்டலாமா? பழைய சேலைகளைக் கிழித்து நெய்யலாம் என்றும் அங்கே சொன்னார்கள். அது சரிப்படுமா?

பதில்: கட்டாதீர்கள். ஆசையை விட வேண்டியதில்லை. நெசவு நம்மூரில் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு 2,800 வெள்ளி தேவையும் இல்லை. நீங்கள் போய்வந்த கூட்டம் வேறு, வாசலில் பிடித்துக்கொண்ட ஆள் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததில்தான் குழப்பம்.

முதலில் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கம் நடத்தினால் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பதிவான சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் இருப்பார்கள். யூஇஎன் என்ற பதிவு எண் இருக்கும், அந்த எண்ணுக்கே பேநவ் வழியாக வங்கியிலிருந்து பணம் அனுப்பலாம். எண்ணைத் தட்டியதும் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அங்கே சங்கத்தின் பெயர் வந்தால் சரி. "என் நம்பருக்கு அனுப்புங்க அக்கா, நான் கட்டிவிடுகிறேன்" என்றால் அது அவருடைய பாக்கெட். சங்கத்தின் செயலாளரை நேரே கூப்பிட்டு, "இவர் உங்கள் சார்பில் பணம் வாங்குகிறாரா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பத்தில் எட்டு முறை "அப்படியா சொன்னார்?" என்றுதான் பதில் வரும். கைவினைக் கூட்டங்களில் இந்த மாதிரி ஆட்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். தேநீர் நேரத்தில்தான் வேலையைத் தொடங்குவார்கள். புதிதாக வந்தவர்களின் கண்ணில் ஆசை தெரிவது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சங்கம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆள் விற்பதில் பாதி அங்கே மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும். உலகெங்கும் நெசவுச் சங்கங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கின்றன. மாதக் கூட்டம், நெய்ததைக் காட்டுவது, யாராவது ஒருவர் பேசுவது, அப்புறம் அவ்வப்போது பயிலரங்கு. பல சங்கங்களில் உறுப்பினருக்குத் தறி வாடகைக்குக் கிடைக்கும், நூலகமும் இருக்கும். அவர்கள் நடத்தும் பயிலரங்கில் ஒரு வகை எனக்கு மிகவும் பிடிக்கும். அறையில் ஆறேழு மேசைத்தறிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், ஏற்கெனவே பூட்டியிருக்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு நெசவு. நீங்கள் முதல் தறியில் ஒரு சாண் நெய்துவிட்டு அடுத்த தறிக்கு நகர்வீர்கள், உங்கள் இடத்துக்கு வேறொருவர் வருவார். சாயங்காலத்தில் ஆறேழு துண்டுகளோடு வீட்டுக்குப் போகலாம். எது கைக்கு ஒத்துவருகிறது, எது அலுப்பு என்று அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். தறி வாங்குகிற யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது தறிக்கு வருவோம். அவர் தலையில் கட்டப் பார்ப்பது மிதித்தறி. காலால் மிதித்து விழுதுகளை, அதாவது பாவு இழைகளைத் தூக்கும் கண் வைத்த கயிறுகளை, ஏற்றி இறக்குவது. அருமையான கருவி, சந்தேகமில்லை. ஆனால் 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு, சென்டிமீட்டருக்கு 6 இழை என்று கணக்குப் போட்டால் 540 பாவு இழைகள். ஒவ்வொன்றையும் முதலில் விழுதின் கண்ணில் நுழைக்க வேண்டும், பிறகு சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் பல்லிடுக்கில் இழுக்க வேண்டும். ஓர் இழை இடம் மாறினால் துணி முழுக்கக் கோடு விழும், பிரித்து மறுபடி தொடங்க வேண்டும். தமிழ்நாட்டு நெசவு ஊர்களில் பாவு பிணைப்பதற்கென்றே தனி ஆட்கள் இருப்பது சும்மா இல்லை. உங்கள் 12 வகுப்பில் மூன்று நாலு இதிலேயே கரைந்துவிடும். மிச்சத்தில் என்ன கற்பீர்கள்?

வீட்டிலும் பாருங்கள். மிதித்தறியைச் சுற்றி முன்னும் பின்னும் ஆள் நடக்க இடம் வேண்டும். நாலறை வீட்டில் அது ஒரு படுக்கையறையின் பாதி. இடம் இல்லையென்று தாழ்வாரத்தில் தள்ளிவைக்க நினைக்காதீர்கள், தீ வெளியேற்ற வழிக்கு 1.2 மீட்டர் விட வேண்டும் என்பது விதி. குறுக்கே போகும் ஊடை இழையை அச்சு அடித்து நெருக்கும்போது எழும் 'டப் டப்' சத்தம் தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். பத்தரை மணிக்கு மேல் நெய்தால் அடுத்த நாள் லிஃப்டில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது ஒற்றை அச்சுத் தறி. அச்சும் விழுதும் ஒரே பலகையாக இருக்கும், கையால் மேலே கீழே வைத்தால் போதும். 40 முதல் 60 சென்டிமீட்டர் அகலத்தில் கிடைக்கும். மடியில் ஒரு முனை, மேசை விளிம்பில் மறுமுனை. நெய்து முடித்ததும் அலமாரிப் பக்கத்தில் சாத்திவைக்கலாம். துண்டு, மேசை விரிப்பு, தோள்பை எல்லாம் இதில் நெய்யலாம். அதையும் முதல் மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள்.

"வெளிநாட்டிலிருந்து வரி இல்லாமல் வரவழைத்துத் தருகிறேன்" என்று சொல்லியிருப்பாரே? தறிக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது, அது உண்மை. பொருள் சேவை வரி உண்டு. இப்போது 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருள் வந்து இறங்கும்போது பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றையும் கூட்டித்தான் வரி போடுவார்கள். கனமான தறிக்குக் கூலியே ஒரு தொகை. "வரி வந்துவிட்டது, கொஞ்சம் கூடக் கட்டுங்கள்" என்று முன்பணம் கொடுத்த பிறகு வரும் தொலைபேசி அழைப்புக்கு அர்த்தம் இதுதான்.

சான்றிதழை மறந்துவிடுங்கள். அமெரிக்கக் கைத்தறி நெசவாளர் சங்கம் 1969-இல் தொடங்கியது. அது ஒரு தேர்ச்சிச் சான்றிதழ் வழங்குகிறது. அதற்கு நீங்களே பல வகை நெசவு மாதிரிகள் நெய்து, குறிப்பேடோடு அனுப்பி, தேர்வர்கள் அதை ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பிட வேண்டும். 12 வகுப்புக்கு வந்ததற்காக யாரும் தர மாட்டார்கள். தருகிற காகிதம் வீட்டில் மாட்டிவைக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்கில்ஸ்ஃபியூச்சர். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கோபம் உங்கள் மேல் இல்லை. அங்கீகரித்த பட்டியலில் உள்ள பயிற்சிக்குத்தான் அந்தப் பணம் போகும். 40 வயது தாண்டியவர்களுக்கு 2024-இல் போட்ட 4,000 வெள்ளி, வேலைக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும். ஒரு மனுஷி 52 வயதில் கையால் ஒரு துணி நெய்யக் கற்றுக்கொள்வது 'திறன்' இல்லையாம்! வாழ்நாள் கல்வி என்று மேடையில் பேசுவார்கள், பட்டியலைத் திறந்தால் கணினியும் காகிதமும்தான். சரி, பட்டியலை நீங்களே பாருங்கள். சிங்பாஸ் என்ற உங்கள் அரசாங்க இணைய அடையாளத்தைப் போட்டு உள்ளே போய், வகுப்பின் பெயரைத் தேடினால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் "வாங்கித் தருகிறேன்" என்பதற்காகச் சிங்பாஸ் விவரத்தைக் கொடுக்கவே கூடாது. 2017-இல் ஒரு கும்பல் இந்தத் திட்டத்திலேயே ஏறத்தாழ 4 கோடி வெள்ளி சுருட்டியது நினைவிருக்கும். 50 வயது தாண்டியதால் உங்களுக்கு மூத்தோருக்கான தேசிய சில்வர் அகாடமி வகுப்புகளில் கட்டணச் சலுகை கிடைக்கலாம், சமூக மன்ற வகுப்புகளும் உண்டு. அங்கே நெசவு வருகிறதா என்று ஒவ்வொரு பருவமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் 800 வெள்ளியைக் கட்டிவிட்டீர்களானால், ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஐந்து நாளுக்குள் ரத்து செய்யலாமே" என்று யாராவது சொல்வார்கள். எல்லா விற்பனைக்கும் அது இல்லை. விற்பவர் நீங்கள் அழைக்காமல் உங்கள் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்து விற்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஐந்து நாள் உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை அதில் சேராது. நீங்களே கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை இல்லை. கூட்டத்துக்கு நீங்களாகப் போய், அங்கே ஒப்புக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து பணம் அனுப்பினாலும் அந்தக் கணக்கில் வராது. இன்னொன்றும் கவனியுங்கள். "தறி வைக்கிற இடத்தை அளந்துவிட்டுப் போகிறேன், வரலாமா?" என்று கேட்டு, நீங்கள் "வாங்க" என்று கூப்பிட்டு, அவர் வந்து அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டால், "அழைத்துத்தானே வந்தேன்" என்பார். அதனால் அளவெடுக்க வருகிறேன் என்றால், "நானே அளந்து அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்டிருந்தால், ரத்து செய்வதாக இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் திரைப்பதிவு எடுத்து வையுங்கள்.

திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரைக்குமான வழக்கு, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குத் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் யாரும் வரக் கூடாது. படிவம் நிரப்பும்போது பொறுமை போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகச் சேலை. தாராளமாக நெய்யலாம். அழகாகவும் வரும். பழைய பருத்திச் சேலை முதல் தேர்வு. நன்றாகத் துவைத்து, காய்ந்தபின் நீளவாக்கில் இரண்டரை சென்டிமீட்டர் பட்டையாகக் கிழியுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையிலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் ஊடை கிடைக்கும். ஜரிகைக் கரையைத் தனியாக வெட்டி எடுத்துவிடுங்கள், கையைக் கீறும், துணியும் சுருளும். பாவுக்கு இறுக்கமாக முறுக்கிய பருத்தி நூல் போடுங்கள். பீப்பிள்ஸ் பார்க்கில் கிடைக்கும் பின்னல் நூல் வேண்டாம், அது இழுத்தால் நீளும், பாவு தொய்ந்துபோகும். கடையில் நூலை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். நீண்டு திரும்பினால் வாங்காதீர்கள்.

"பட்டு நூல், சலுகை விலை" என்று அந்த ஆள் எதையாவது நீட்டினால் ஓரிழையை வெட்டி வாங்கிவந்து, கழுவுத்தொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். உண்மைப் பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலால் நசுக்கப் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஆறும் வரை தொடாதீர்கள்.