ஏழு வீட்டு வேலை நடக்குது, கூலிக்குக் காசில்லை

கேள்வி: என் மாமனார் கொத்தனாராக இருந்து, மேஸ்திரியாகி, இப்போது சொந்தமாக வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். கணவரும் கொழுந்தனாரும் சைட் பார்க்கிறார்கள். பி.காம். படித்த நான் கணக்கு எழுதுகிறேன். ஒரே நேரத்தில் ஏழு வீட்டு வேலை நடக்கிறது. ஆனாலும் சில சனிக்கிழமைகளில் கூலி போட என் நகை அடகுக்குப் போகிறது. கொழுந்தனார் கடன் வாங்கி அரசு டெண்டருக்குப் போகலாம் என்கிறார். மாமனார் கடன் என்றாலே எழுந்து போய்விடுகிறார். நாங்கள் எப்படித்தான் வளர்வது? - வாசகி, கரூர்.

அன்புச் சகோதரிக்கு,

டெண்டரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த நகை. ஏழு வேலை கையில் இருந்தும் கூலிக்குக் காசில்லை என்றால், பெரும்பாலும் ஒரு வீட்டு அட்வான்ஸில் இன்னொரு வீடு ஓடுகிறது என்று அர்த்தம். ஒருவர் தளம் போடக் கொடுத்த பணத்தில் வேறொருவர் வீட்டுக்கு டைல்ஸ் இறங்குகிறது. அவருக்குத் தளம் போடும் நாள் வரும்போது புதிதாக ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டியிருக்கிறது. ஆடி மாதம் பெரும்பாலும் யாரும் பூமி பூஜை போடமாட்டார்கள். அந்த ஒரு மாதத்திலேயே எல்லாம் இறுகிவிடும். எந்த வீட்டில் லாபம், எதில் நஷ்டம் என்று உங்கள் மாமனாருக்கே தெரியாது. தெரியாமல் எட்டாவது வீட்டை எடுத்தால் அது வளர்ச்சி ஆகாது.

இதைச் சரிசெய்யக்கூடியவர் நீங்கள்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நோட்டு போடுங்கள். வந்த பணம், ஆன செலவு இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவதாக ஒன்றையும் எழுதுங்கள்: இந்த வீட்டை முடித்துச் சாவி கொடுக்க இன்னும் எவ்வளவு ஆகும்? வீட்டுக்காரர் தர வேண்டிய பாக்கியை அதன் பக்கத்தில் வையுங்கள். பாக்கி குறைவாக இருந்தால், அந்த வீட்டுப் பணத்தை ஏற்கனவே வேறெங்கோ செலவழித்திருக்கிறீர்கள், இல்லை அந்த வீட்டு ரேட்டே கட்டுப்படியாகவில்லை.

நோட்டு நேர்மையாக இருக்க வேண்டுமானால் சின்ன விஷயங்களும் ஏற வேண்டும். ஒரு சைட்டில் இறக்கிய சிமெண்டில் பத்து மூட்டையை டாட்டா ஏஸில் ஏற்றி அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோனால், அன்று மாலையே இதில் கழித்து அதில் ஏற்றுங்கள். மதியத்துக்கு மேல் சித்தாளை வேறு சைட்டுக்கு அனுப்பினால் அரை நாள் கூலியும் அங்கே போக வேண்டும். அப்புறம் எக்ஸ்ட்ரா வேலை. "இங்க ஒரு பரண் போட்டுக் கொடுங்க", "செப்டிக் டேங்கை இன்னும் ரெண்டு அடி ஆழமாக்கிடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்வார். மாமனார் முகதாட்சண்யத்துக்குத் தலையாட்டிவிடுவார். சதுர அடி ரேட்டில் வேலை எடுப்பவர்களின் லாபம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். வேலை தொடங்குமுன் தொகையைக் குறிப்பிட்டு ஒரு வாட்ஸ்ஆப் செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கச் சொல்லுங்கள். அது உங்கள் கணவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

இப்போது டெண்டர். அரசு வேலையில் கையில் பணம் இருப்பவர்தான் தாக்குப்பிடிப்பார். டெண்டர் போடும்போதே முன்வைப்புத் தொகை (டெபாசிட்) கட்ட வேண்டும். வேலையை முடித்து, பொறியாளர் அளந்து எம்-புக்கில் (அளவைப் பதியும் புத்தகத்தில்) ஏற்றி, பில் பாஸாகி, அதன் பிறகுதான் பணம் வரும். அதிலும் பிடித்தம் உண்டு. 20 லட்ச ரூபாய் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) என்றால் வருமான வரிக்கு 2 சதவீதம், 40,000. ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்தால் ஜிஎஸ்டியில் இன்னொரு 2 சதவீதம், 40,000. பல பணிகளில் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், 20,000. செக்யூரிட்டியாக 5 சதவீதம் நிறுத்திவைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம். ஆக இரண்டு லட்சம் உடனே கைக்கு வராது. வரிப் பிடித்தங்களை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், செக்யூரிட்டியும் குறைதீர்ப்புக் காலம் (வேலையில் குறை தெரிந்தால் நீங்களே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்ததும் திரும்பும். ஆனால் நீங்கள் பத்து சதவீத லாபம் போட்டிருந்தால் அந்த லாபம் முழுவதும் அங்கேயே நிற்கும். அதுவரை சனிக்கிழமைதோறும் கூலிக்கு யார் கொடுப்பது?

அதனால் இப்போதைக்கு நான் உங்கள் மாமனார் பக்கம். ஆனால் கடனே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. மிக்சர் மெஷின், சென்ட்ரிங் ஷீட் வாங்கக் கடன் வாங்கலாம், அவை தினமும் வாடகையை மிச்சப்படுத்தும். கூலிக்கு வாங்கும் கடன்தான் ஆபத்து. உங்கள் நகையும் அந்தக் கடன்தான். கொழுந்தனாரிடம் டெண்டர் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நோட்டுகளைக் கையில் கொடுத்து, இந்த ஏழு வீட்டில் எவ்வளவு பணம் சும்மா விடமுடியும் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நான்கு மாதம் பில் வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் பணத்தை ஒதுக்க முடிந்தால், ஒப்பந்ததாரர் பதிவில் கீழ் வகுப்பிலிருந்து தொடங்கி ஒரு சின்ன வேலை எடுக்கட்டும். பள்ளிச் சுற்றுச்சுவர் போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கடிதத்தைப் பார்த்தால் எல்லாம் மாமனார் பெயரில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகன்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். கூட்டு ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்தாலே நிறுவனம் கலைந்துவிடும். பதிவு செய்யாவிட்டால் பாக்கி தராத வீட்டுக்காரர் மேல் நிறுவனம் வழக்குப் போட முடியாது. பங்குதாரர்களில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். "மாமா, நான் எழுதுற கணக்குக்கு நானும் பொறுப்பாக இருக்கணும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். நால்வருக்கும் மாதச் சம்பளம் வையுங்கள், வீட்டுச் செலவுக்கு சைட் பணத்தில் கைவைப்பது நிற்கும்.

கூட்டு நிறுவனத்துக்குப் பான் எண்ணும் ஜிஎஸ்டி பதிவும் புதிது. அதனால் இந்த ஏழு வீட்டையும் மாமனார் பெயரிலேயே முடியுங்கள். அடுத்து வரும் வீட்டின் அட்வான்ஸைப் புது நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, அந்த வீட்டுக்கு மட்டும் எடுங்கள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் பழைய சைட்டுக்கு அதிலிருந்து எடுக்காதீர்கள்.