எல்லை தாண்டி வந்த அத்தையும் நின்றுபோன பிரஷர் மாத்திரையும்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வடகரப்பதி ஊராட்சியில் வசிக்கிறோம். என் அத்தைக்கு (கணவரின் தாயார்) வயது 61. மாமா இறந்த பிறகு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டார். அங்கே மாதந்தோறும் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வந்தது. இங்கே வந்தபின் அது தீர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. "தலைசுற்றலே இல்லை, எனக்குச் சரியாகிவிட்டது" என்கிறார். போன வாரம் பார்த்ததில் 168/98. மறுபடியும் தொடங்க வேண்டுமா? எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலும் (பெண்கள் சுயஉதவிக் குழு) பலர் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஊராகச் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தொடங்கத்தான் வேண்டும், இந்த வாரமே. அத்தையை உங்கள் பகுதியின் குடும்ப ஆரோக்கிய மையத்துக்கு (அரசு ஆரம்ப சுகாதார நிலையம்) அழைத்துச் செல்லுங்கள். பழைய மாத்திரை அட்டை காலியாக இருந்தாலும் பரவாயில்லை, சிகிச்சை விவரம் எழுதிய பழைய நோட்டோடு சேர்த்துக் கையில் எடுத்துப் போங்கள். விட்டுப்போன நாட்களுக்கு ஈடுகட்ட இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அளவு 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அளவு பார்க்கக் கருவி இல்லையென்றாலும், இந்த அறிகுறிகளே போதும்.

"சரியாகிவிட்டது" என்று அத்தை சொல்வதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ரத்தக் கொதிப்பு என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. கொதித்தால் தெரியும் என்றுதானே நினைப்போம்? ஆனால் பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரிவதில்லை. இரத்தக் குழாயும் இதயமும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் சேதமாகின்றன. மாத்திரை சாப்பிடும்வரை அளவு கட்டுக்குள் இருக்கும், நிறுத்தினால் ஏறிவிடும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, இந்நோய் உள்ளவர்களில் ஐவரில் நால்வருக்குப் போதிய சிகிச்சை கிடைப்பதில்லை என்கிறது. அதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படாதது காரணமல்ல. பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் பழைய மருந்து, விலையும் மிகக் குறைவு. அந்த மாத்திரை ஒவ்வொரு மாதமும் தவறாமல் கைக்கு வந்து சேராததுதான் பெரிய காரணம்.

அத்தைக்கு அங்கே வந்துகொண்டிருந்தது பெரும்பாலும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மாத்திரையாக இருக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. கேரளத்திலும் மாத்திரை இலவசம்தான். 2017இல் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் முதலில் சேர்ந்த ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. யாருக்கு எந்த மருந்தை, எந்த அளவில் தொடங்கி, எப்போது கூட்டுவது என்பதற்கு ஒரே வழிமுறை, மருந்து இருப்பு, வீட்டுக்கு அருகிலேயே மாத்திரை, ஒவ்வொருவருக்கும் பதிவு என்பவைதான் அதன் உயிர். ஆக, எல்லைக்கு இரு பக்கமும் ஏற்பாடு இருக்கிறது. நடுவே எல்லை ஊரான வேலந்தாவளத்தைத் தாண்டும்போது பதிவு அறுந்துவிடுகிறது. அங்கே பெயர் இருந்தவர் இங்கே புது ஆள். அதனால்தான் அட்டையையும் நோட்டையும் இத்தனை வற்புறுத்துகிறேன்.

இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இன்னொரு தவறும் உண்டு. அங்கே கொடுத்தது ஒரு பெயர், இங்கே மருந்துக்கடையில் வாங்கியது வேறு பெயர். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுவார்கள். கணுக்கால் வீங்கிய பிறகுதான் இரண்டும் அம்லோடிபின் என்று தெரியவரும். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பேரப்பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அத்தைக்கு மலையாளம் படிக்க வராது என்றால், காலையா இரவா என்று அட்டையின் பின்னால் சூரியனோ நிலாவோ வரைந்துவிடுங்கள்.

உப்புக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு யார் அளப்பது? நான் சொல்லும் கணக்கு உப்புப் பாக்கெட்டைப் பார்ப்பது. நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் தனியாக வருவதால் உண்மையில் அதற்கும் மேலே வர வேண்டும். வாங்கிய தேதியைப் பாக்கெட்டில் எழுதி வையுங்கள். 50 நாளுக்கு முன்பே தீர்ந்தால், கஞ்சியில் கையால் அள்ளிப் போடும் உப்பிலிருந்து குறைக்கத் தொடங்குங்கள். "வெயிலில் வேலை செய்கிறோமே, வேர்வையில் உப்புப் போகிறதே" என்று தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் குழம்பிலும் ரசத்திலும் இருக்கும் உப்பே பெரும்பாலானவர்களுக்குப் போதும். வெயிலில் வேண்டியது தண்ணீர்.

பொட்டாசியம் கலந்த உப்பு பயன் தரும் என்பதைச் சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு மாறியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனலாப்ரில் ஆகிய பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கள்ளுக்குப் பேர்போன நம் சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு கள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளிர்ச்சி என்று சொல்லிக் குடித்தாலும் அதிலிருப்பது சாராயச் சத்துதான், அது அழுத்தத்தை ஏற்றும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையும் ஏற்றும். அத்தை அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் அயல்கூட்டம். வாரந்தோறும் கூடுகிறீர்கள் என்பதே பெரிய பலம். கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் கருவி ஒன்றைக் குழுவுக்கு வாங்குங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், பட்டையின் அளவைப் பார்த்து வாங்குங்கள். வந்தவுடன் பார்க்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் டீயோ வெற்றிலைப் புகையிலையோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். 140/90ஐத் தொட்டவர்களை மையத்துக்கு அனுப்புங்கள். நோயா இல்லையா என்று முடிவு செய்வது உங்கள் வேலையல்ல.

அளவு பார்ப்பதைவிட முக்கியம் நோட்டு. மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பெயருக்கு நேரே, அடுத்த மாத்திரை வாங்க வேண்டிய தேதியை எழுதுங்கள். தேதி கடந்து மூன்று நாளாகியும் வாங்காதவரின் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்கட்டும், முடிந்தால் ஆஷா பணியாளரோடு (ஊரின் சுகாதாரப் பணியாளர்). கூட்டத்தில் பெயரை உரக்க வாசிக்காதீர்கள். வெட்கப்பட்டவர் மறுபடி வரமாட்டார். கூலி போய்விடும் என்பதால் வராதவர்களிடம், குடும்ப ஆரோக்கிய மையங்களில் மாலையிலும் ஓ.பி. நடப்பதைச் சொல்லுங்கள். வீட்டு ஆண்களை விட்டுவிடாதீர்கள். 30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பதே அரசின் ஏற்பாடு. ஆண்கள்தான் பல வீடுகளில் ஒருமுறைகூடக் கையை நீட்டாதவர்கள்.

பொங்கலுக்கு அத்தை பொள்ளாச்சிக்குப் போவார் அல்லவா? போகும் நாட்களுக்கு ஒரு வாரம் கூடுதலாகவே மாத்திரையைக் கட்டிக்கொடுங்கள். நோட்டை அவர் பையில் நீங்களே வையுங்கள்.