ஆரம்பகால கலர் டிவிகளின் பிக்சர் டியூப்களை ஏன் இப்படித் தேடி அலைகிறார்கள்? அவை எங்கே கிடைக்கும்?

பழைய ரேடியோ, பழைய கேமரா சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு பாகம் போனால் வேறொன்றைத் தேடிப் போட்டு ஓட்டிவிடலாம். 1954ஆம் வருடத்துக் கலர் டிவியில் அது நடக்காது. வால்வு கிடைக்கும், கண்டென்சர் கிடைக்கும், டிரான்ஸ்ஃபார்மரைக்கூடச் சுற்றிக்கொள்ளலாம். படத்தைத் திரையில் காட்டும் பிக்சர் டியூப் செத்தால் அது டிவி இல்லை, கனமான ஒரு மரப்பெட்டி. நான் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறேன். பல வருடமாக இந்தக் கிறுக்கு என்னையும் பிடித்து ஆட்டுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1953 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, என்டிஎஸ்சி என்ற கலர் ஒளிபரப்பு முறைக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த சில மாதங்களில் கடைக்கு வந்த செட்களில் பேர் போனது ஆர்சிஏ கம்பெனியின் சிடி-100. விலை 1000 டாலர். இதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் அன்றைக்குப் புதுக் காரே வாங்கிவிடலாம். வெஸ்டிங்ஹவுஸ் செட் இன்னும் மோசம், 1295 டாலர். யார் வாங்குவார்கள்? சில மாதங்களிலேயே ஆர்சிஏ விலையைப் பாதிக்கும் கீழே இறக்கியது. மொத்தம் செய்ததே ஐயாயிரத்துக்குள்தான்.

இந்த இரண்டு செட்டிலும் இருந்தது 15ஜிபி22 என்ற டியூப். சேகரிப்பவர்கள் மெய்மறந்து பேசுவது இதைப் பற்றித்தான். பெயரைப் பிரித்துப் படிப்பது எளிது: முதல் எண் அங்குல அளவு, கடைசியில் வரும் பி22 என்றால் கலர் பாஸ்பர் (எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பொருள்). கறுப்பு வெள்ளை டியூப் என்றால் பி4 என்று முடியும். 15 அங்குலம் என்று பெயர்தான், திரையில் படம் தெரிவது பதினொன்றரை அங்குலம் அளவுக்கு. பின்னால் வந்த டியூப்களில் பாஸ்பர் புள்ளிகள் முகப்புக் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே இருக்கும். இதில் அப்படி இல்லை. உள்ளே தனியாக ஒரு தட்டைக் கண்ணாடி, அதன்மேல் 5,85,000 புள்ளிகள், அதற்குப் பின்னால் 1,95,000 துளைகள் போட்ட தட்டையான ஷேடோ மாஸ்க் (ஒவ்வொரு எலக்ட்ரான் கதிரும் தன் நிறப் புள்ளியில் மட்டும் விழச் செய்யும் தகடு). முகப்பு வழியாகப் பார்த்தால் படம் உள்ளே தள்ளித் தெரியும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்ப்பதுபோல.

வினையும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. இவ்வளவு சாமானையும் உள்ளே வைத்து மூட வேண்டும் என்பதால் முகப்பையும் பின்பக்கப் புனலையும் உலோக வளையம் வைத்துப் பற்றவைத்தார்கள். கண்ணாடியும் உலோகமும் சேரும் அந்த இடத்தில் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் காற்று கசிகிறது. ஒருநாள்கூட ஓடாமல் அட்டைப்பெட்டியிலேயே தூங்கிய டியூபும் இதனால் செத்திருக்கும். ஓட்டித் தேய்ந்தது என்றால் எமிஷன் (எலக்ட்ரான் வெளிவரும் அளவு) குறைந்தாலும் படமாவது வரும். காற்று ஏறினால் ஒன்றும் வராது. ஆகவே 'பெட்டி பிரிக்காத புது டியூப்' என்று யாராவது விலை சொன்னால் எனக்கு அதில் பெரிய மயக்கம் கிடையாது.

அடுத்து வந்தது 21ஏஎக்ஸ்பி22. 21 அங்குலம், வட்ட முகப்பு, புனல் முழுக்க உலோகம். அந்த உலோகப் புனல் முழுவதும் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளாஸ்டிக் உறைதான் பாதுகாப்பு. பழைய உறை விரிசல் விட்டிருந்தால் கைவைக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். இதிலும் உலோக ஒட்டு இருப்பதால் செத்தவையே அதிகம். 1957 வாக்கில் முழுக் கண்ணாடியில் 21சிஒய்பி22 வந்தது, அதற்குப் பின் 21எஃப்பிபி22. இவை எவ்வளவோ தேவலை. இன்றைக்கும் நல்லதாகக் கிடைக்கின்றன, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடவும் முடியும். 21எஃப்ஜேபி22இல் பாதுகாப்புக் கண்ணாடியை முகப்போடு பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை கெட்டு ஓரத்திலிருந்து வெள்ளையாகப் படரும். இங்கே அதற்குக் கண்புரை என்றே பெயர். சூடுகாட்டி மெல்லிய கம்பியால் அறுத்துப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கண்புரையைப் பார்த்து டியூபையே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் நமக்கு விலை குறைகிறது.

எங்கே கிடைக்கும்? இணைய ஏலத்தில் வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள், விலை ஏறிவிடும். உயிருள்ள 15ஜிபி22 என்றால் ஆயிரக்கணக்கான டாலர். வயதானவர் காலமானபின் வீட்டுச் சாமான்களை விற்பார்கள் பாருங்கள், அங்கே அமையும். மூடப்போகும் டிவி ரிப்பேர் கடைகளின் பேஸ்மென்ட் இன்னும் நல்ல இடம். இங்கே ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்துப் பக்கத்தில் ஹில்லியர்ட் என்ற ஊரில் ஆரம்பகால டிவிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வருடாவருடம் வசந்த காலத்தில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள், கார் டிக்கியைத் திறந்து வைத்து வியாபாரம் நடக்கும். நாலு பேரைப் பழகி வைத்துக்கொண்டால் அப்புறம் டியூப் உங்களைத் தேடி வரும்.

நேரில் பார்க்கும்போது நான் செய்வது இது. கரண்ட் கொடுக்கச் சொல்லவே மாட்டேன். முதலில் டார்ச் அடித்து நெக்கை, அதாவது டியூபின் பின்னால் நீளும் ஒல்லிக் கழுத்தைப் பார்ப்பேன். உள்ளே கெட்டர் (மிச்சமிருக்கும் காற்றைப் பிடித்துக்கொள்ளும் உலோகப் பூச்சு) படிந்த இடம் கண்ணாடிபோலப் பளபளப்பாக இருந்தால் நல்ல அறிகுறி, பால்போல வெளுத்திருந்தால் காற்று ஏறிவிட்டது, வந்த வழியே திரும்பலாம். அப்புறம் மீட்டர் வைத்து ஹீட்டர் (டியூபுக்குள் சூடேறும் மெல்லிய கம்பி) துண்டாகவில்லை என்று உறுதிசெய்வேன். பிறகுதான் பேஸ். பின்கள் நிற்கும் அந்த பிளாஸ்டிக் மூடிக்குள்தான், தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சி உருக்கி மூடிய கண்ணாடி நுனி ஒளிந்திருக்கிறது. பேஸ் ஆடினால் அந்த நுனி உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்தியானாவில் ஒரு கடையில் எல்லாம் சரியாக இருந்த 21சிஒய்பி22 ஒன்றைப் பார்த்தேன். விலை பேசி முடித்ததும் கடைக்காரர் உதவுகிறேன் என்று நெக்கைப் பிடித்துத் தூக்கினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். இருவரும் அதைக் கேட்டபடி சும்மா நின்றோம், வேறென்ன செய்வது? பாவம், பணம் வேண்டாம் எடுத்துப் போங்கள் என்றார்.

உஸ் என்று போனது அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். 21 அங்குல முகப்பின்மேல் காற்று அழுத்துவது இரண்டு டன்னுக்கும் அதிகம். முகப்பு உடைந்தால் கண்ணாடி உள்வாங்கிச் சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல், தடித்த கையுறை போடாமல் தொடாதீர்கள். காரில் ஏற்றும்போது முகப்பு கீழே, நெக் மேலே.

செத்த டியூபை உயிர்ப்பிக்க முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் 'ரீகண்டிஷன் டியூப்' போட்டார்களே, அதே வேலைதான்: நெக்கை அறுத்து, புது எலக்ட்ரான் கன் (எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சும் பாகம்) வைத்து ஒட்டி, அடுப்பில் சூடேற்றிக்கொண்டே காற்றை உறிஞ்சி, மூடி, கெட்டரை எரிப்பது. அமெரிக்காவில் கடைசிவரை இதைச் செய்தது அயோவா மாநிலத்தின் ஹாக்-ஐ என்ற பட்டறை. 2010 வாக்கில் அதுவும் மூடியது. 15ஜிபி22 என்றால் தலைவலி இன்னும் அதிகம், அடுப்புச் சூட்டில் அந்த உலோக ஒட்டே மறுபடி கசியலாம். இருந்தாலும் செத்த 15ஜிபி22ஐ யாரும் குப்பையில் போடுவதில்லை, நல்ல வழி ஒன்று பிறக்கும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இவ்வளவு பாடு எதற்கு, உள்ளே ஒரு எல்சிடியைச் செருகிவிடலாமே என்பவர்கள் உண்டு. பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஐம்பதுகளின் டியூப்களில் போட்ட பச்சையும் சிவப்பும் பின்னால் வந்தவற்றில் கிடையாது. அறுபதுகளில் வெளிச்சம் கூடவேண்டும் என்று பாஸ்பரை மாற்றினார்கள், நிறத்தின் ஆழம் கொஞ்சம் போனது. நல்ல 15ஜிபி22 மங்கலாகத்தான் எரியும், விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஆனால் அந்தச் சிவப்பு சிவப்பு.

சென்னை ரிச்சி தெருவில் தேடலாமா என்று கேட்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். இந்தியாவுக்குக் கலர் வந்தது 1982இல். அதற்குள் வட்ட டியூப் காலம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே சேர்க்க ஆசைப்பட்டால் எண்பதுகளின் சாலிடேர், டயனோரா செட்களைத் தேடுங்கள். பழைய இரும்புக்காரர் கையில் போவதற்குள் பிடித்தால் சல்லிசாகவே கிடைக்கும்.