ஆயரின் இலச்சினையை எப்படிப் படிப்பது?

கேள்வி: புதிய ஆயரின் பணியேற்பு விழா மலருக்காக, அவருடைய இலச்சினைக்கு விளக்கம் எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. கேடயத்தின் மேலுள்ள பச்சைத் தொப்பிக்கும் குஞ்சங்களுக்கும் என்ன பொருள்? உள்ளே உள்ள உருவங்களுக்கு நானே பொருள் எழுதலாமா?

பதில்: கேடயத்துக்கு வெளியே இருப்பவை பதவியைச் சொல்பவை, அவற்றை நீங்கள் தயங்காமல் விளக்கலாம். அகன்ற விளிம்புள்ள பச்சைத் தொப்பியின் இருபுறமும் ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்காகத் தொங்கும் ஆறாறு குஞ்சங்களும், கேடயத்தின் பின்னே நிற்கும் ஒற்றைக் குறுக்குச்சட்டச் சிலுவையும் ஆயருக்கு உரியவை. பேராயருக்குப் பக்கத்துக்குப் பத்துக் குஞ்சங்களும் இரட்டைக் குறுக்குச்சட்டச் சிலுவையும் வரும். கர்தினாலுக்குத் தொப்பி சிவப்பாகி, குஞ்சங்கள் பக்கத்துக்குப் பதினைந்தாகும். ஓவியர்கள் இடத்தை நிரப்ப ஓர் அடுக்கைக் கூட்டிவிடுவது உண்டு. அதனால் ஆயர் தாளிலேயே பேராயராகிவிடுவார். பழைய இலச்சினைகளில் காணப்படும் ஆயர் தலையணியையும் செங்கோலையும் சேர்க்க வேண்டாம் என்று 1969-இல் திருப்பீடம், அதாவது வத்திக்கானில் உள்ள திருச்சபைத் தலைமை, அறிவுறுத்தியது.

கேடயத்தின் உட்பகுதி வேறு வகையானது. அது அவருடைய வாழ்வு, பக்தி, துறவற சபை ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவதால், பார்ப்பவரின் ஊகம் எளிதில் தவறிவிடும். திருத்தந்தை பிரான்சிஸின் கேடயத்தில் அவர் சார்ந்த துறவற சபையான இயேசு சபையின் கதிர்வீசும் சூரியனுக்குக் கீழே, அன்னை மரியாவைக் குறிக்கும் விண்மீனும், பலர் திராட்சைக் குலை என்றே எண்ணிய ஓர் உருவமும் இருந்தன. உண்மையில் அது நார்து என்னும் நறுமணச் செடியின் பூங்கொத்து. ஸ்பானிய மரபின் ஓவியங்களில் புனித யோசேப்பு அதைக் கையில் ஏந்தியிருப்பதால், அவரைக் குறிக்கவே அது வைக்கப்பட்டது. திராட்சை என்று எண்ணி நற்கருணையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் பிழையாக இருந்திருக்கும். ஆகவே ஆயரின் செயலரிடம் அதிகாரப்பூர்வ விளக்கக் குறிப்பைக் கேட்டுப் பெறுங்கள்; கீழே பட்டையில் உள்ள விருதுவாக்கு எந்த விவிலியப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: வலம், இடம் என்பவை கேடயத்தை ஏந்தி நிற்பவரின் பக்கத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. கேடயம் நெடுவாக்கில் இரண்டாகப் பிரிந்து மறைமாவட்டச் சின்னமும் சேர்ந்திருந்தால், அது மதிப்புக்குரிய வலப்பாதியில், அதாவது நம் பார்வைக்கு இடப்புறத்தில் அமைவதே வழக்கம். அச்சுக்கு அனுப்பும் முன் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பதையும், குஞ்சங்கள் பன்னிரண்டுதானா என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.