வாசகர் கேள்வி: பைப்பும் டியூப்பும் ஒன்றா?

கேள்வி: பைப், டியூப் இரண்டையும் குழாய் என்றே சொல்கிறோம். ஒரு இஞ்ச் டியூப்புக்கான கிளாம்ப், ஒரு இஞ்ச் பைப்பில் ஏறவே இல்லை. அளவு ஒன்றுதானே?

பதில்: இல்லை. அந்த ‘ஒரு இஞ்ச்’ எதைக் குறிக்கிறது என்பதில்தான் இரண்டு சொல்லும் பிரிகின்றன. டியூப் என்றால் பொதுவாக வெளிவிட்டக் கணக்கு. ஒரு இஞ்ச் டியூப் வெளியே 25.4 மி.மீ. பைப்பின் ஒரு இஞ்ச் வெறும் பெயரளவு. ஒரு இஞ்ச் இரும்புப் பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிளாம்ப் எப்படி ஏறும்?

உள்விட்டமாவது ஒரு இஞ்சா என்றால் அதுவும் இல்லை. ஷெட்யூல் என்பது பைப்புச் சுவரின் தடிமனைக் குறிக்கும் எண். ஷெட்யூல் 40 பைப்பில் உள்விட்டம் 26.6 மி.மீ., தடித்த ஷெட்யூல் 80-ல் 24.3. தொடக்ககால இரும்புப் பைப்புகளின் சுவர் தடிமனாக இருந்தது. பெயரும் உள்விட்டமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. பிறகு சுவர் மெலிந்தபோது, பழைய மரைகளும் இணைப்புகளும் பொருந்த வேண்டுமே என்று வெளிவிட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மெலிந்ததெல்லாம் உள்பக்கம் போய்விட்டது. 14 இஞ்சிலிருந்துதான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகின்றன.

மரை வெட்டும்போது இந்த வேறுபாடு கையில் தெரியும். ஒரு இஞ்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் தரப் பைப் மரை) மரையின் ஆழம் சுமார் 1.5 மி.மீ. ஷெட்யூல் 40 பைப்பின் சுவர் 3.38 மி.மீ.; மரை போக மீதி நிற்கும். 1.2 மி.மீ. சுவருள்ள டியூப்பில் அதே ஆழத்துக்கு வெட்டினால் சுவரே அறுந்துவிடும். அதனால்தான் டியூப்பை வெல்டிங் செய்கிறார்கள், அல்லது மரை வெட்டாமல் டியூப்பை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங் போடுகிறார்கள்.

செம்பில் மட்டும் எச்சரிக்கை தேவை. அமெரிக்க அளவு முறையில், குளிர்பதன வேலைக்கான அரை இஞ்ச் செம்பு டியூப்பின் வெளிவிட்டம் 12.7 மி.மீ.; தண்ணீர் வேலைக்கான அரை இஞ்ச் செம்பு டியூப்புக்கோ 15.9. பெயரை நம்பாமல் அளந்தே வாங்குங்கள்.

காலிப்பர் இல்லையா? நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். ஒரு இஞ்ச் பைப்புக்கு நூல் 105 மி.மீ. வரும், டியூப்புக்கு 80.

கேள்வி: சதுரமாக இருந்தால் பைப் என்று சொல்லலாமா?

பதில்: தொழில் வழக்கில் பைப் வட்டம்தான், சதுரம், செவ்வகம் எல்லாம் டியூப். பைப்பின் வேலை ஒன்றைக் கொண்டுசெல்வது, ஆகவே இரு முனையும் திறந்திருக்கும். டியூப்புக்கு அந்தக் கட்டாயம் கிடையாது: சோதனைக் குழாய்க்கும் பற்பசை டியூப்புக்கும் ஒரு முனை மூடியே இருக்கிறது. ஆங்கிலத்தில் பைப் முதலில் ஊதுகுழலின் பெயர். கீச்சிடுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நம் குழலும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கும்போது, மொழிபெயர்ப்பில் பைப்புக்குக் ‘குழாய்’ என்பதே மிகப் பொருத்தமாகப் படுகிறது. டியூப்புக்கு ஒரே சொல்லைத் தேடாதீர்கள். சைக்கிள் டியூப் டியூப்பாகவே இருக்கட்டும், டியூப் லைட்டுக்குக் ‘குழல் விளக்கு’ அழகாகவே அமைகிறது.